சிறிய நாட்டில் உரிமை மீறல்களைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டியவை

மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் 200-க்குச் சற்றுக் குறைவு. அவற்றில் பலவற்றில் ஆயிரம் பேர்கூட இல்லை. அப்படி ஒரு தீவைப் பற்றிய அறிக்கையில் ‘பெயர் சொல்ல விரும்பாத ஆசிரியை’ என்று எழுதினால், பெயரையே எழுதிய மாதிரிதான். இருப்பதே சில ஆசிரியைகள்; அதில் போன வாரம் போலீஸ் விசாரணைக்குப் போய் வந்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். தொழில், வயது, தீவு, தேதி எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் பாதகமில்லை, சேர்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். தீவுக்குப் பதில் எந்தப் பவளத்தீவுக் கூட்டம் என்று மட்டும் சொல்லலாம். தேதிக்குப் பதில் மாதம் போதும். வெளியிடும் முன் பாதிக்கப்பட்டவருக்கே படித்துக் காட்டி, “இதை வைத்து உங்களை யாராவது கண்டுபிடிப்பார்களா?” என்று கேளுங்கள். நாம் யோசிக்காத ஒன்றை அவர் சொல்வார்.

அடுத்தது எண்ணிக்கை. மூன்று பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னால் மூன்று சாட்சிகள் என்று எண்ணிவிடுகிறோம். மூவரும் ஒருவருக்கொருவர் உறவாக இருப்பார்கள், ஒருவர் சொல்லித்தான் மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும். பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டு கைது நான்கானதும் ‘100 சதவீத உயர்வு’ என்று தலைப்புப் போடாதீர்கள். நான்கு என்று எழுதினாலே போதும்.

அரசு அமைத்த ஆணையம் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. மாலத்தீவு மனித உரிமை ஆணையம் 2014-இல் ஐ.நா.வுக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. அதற்காக உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து ஆணையத்தின் மீதே வழக்கு எடுத்தது. 2015-இல் அந்த அறிக்கை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, ஆணையம் எப்படி நடக்க வேண்டும் என்று 11 விதிகளும் போட்டது. அதன் பிறகு வரும் மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

சட்டம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். 2016-இல் வந்த அவதூறுச் சட்டம் 2018-இல் ரத்தானது, சரி. ஆனால் 2022-இன் சாட்சியச் சட்டம், செய்தி தந்தவர் யார் என்று சொல்லும்படி செய்தியாளரை நீதிமன்றம் கட்டாயப்படுத்த இடம் கொடுத்தது. பெயர்ப் பட்டியலையும் வாக்குமூலத்தையும் ஒரே கோப்பில் வைக்காதீர்கள்.

அரசுத் தரப்பு விளக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் கேட்கும் கடிதமே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். கடிதத்தைப் பிரிப்பவர் அவருக்குச் சொந்தக்காரராகவும் இருக்கலாம். “இந்தக் கைதியை ஏன் வழக்கறிஞரைப் பார்க்க விடவில்லை?” என்று கேட்க வேண்டாம். “இந்த ஆண்டு கைதானவர்களில் எத்தனை பேர் 24 மணி நேரத்துக்குள் வழக்கறிஞரைப் பார்த்தார்கள்?” என்று கேளுங்கள்.