ஓபியாய்ட் அடிமைத்தனத்துக்குப் பேச்சு சிகிச்சை: சான்று தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஹெராயினுக்கு அடிமையானவருக்கு கவுன்சிலிங் பலன் தருமா?" என்று தேடிப் பாருங்கள். (ஹெராயின், அபின், சில வலி மாத்திரைகள் போன்றவற்றின் பொதுப்பெயர்தான் ஓபியாய்ட்.) 'தரும்' என்று சொல்லும் ஆய்வும் 'கூடுதலாக எதுவும் தரவில்லை' என்று சொல்லும் ஆய்வும் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரண்டுமே ஒழுங்காகச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். கேள்விதான் அரைகுறை. எந்தச் சிகிச்சையோடு சேர்த்து, எதோடு ஒப்பிட்டு என்ற இரண்டு விவரமும் தெரியாமல் இந்தத் துறையின் எந்த முடிவையும் எடுத்தாள முடியாது. உளவியல், சமூகப்பணி மாணவர்களின் ஆய்வேடுகளிலும் பத்திரிகைச் செய்திகளிலும் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு விவரத்தைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை.

மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைப்பது

பேச்சு சிகிச்சையை மூன்று விதமாகச் சோதித்திருக்கிறார்கள். மருந்தே இல்லாமல் பேச்சு மட்டும். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் டீடாக்ஸோடு பேச்சு. ஹெராயின் போன்றவற்றுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் அல்லது ப்யூப்ரனார்ஃபின் மருந்தை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கும் பராமரிப்பு சிகிச்சையோடு பேச்சு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு இந்த மூன்றுக்கும் தனித்தனியாகத் தொகுப்பாய்வு வெளியிட்டிருக்கிறது, மூன்றின் விடையும் வேறு.

பேச்சு மட்டும் என்ற கேள்விக்கு 2004 தொகுப்பில் கிடைத்தவை 5 ஆய்வுகள், 389 பேர். அதை வைத்துப் பேச்சு மட்டுமே போதும் என்று சொல்ல முடியாது என்றே அது முடிந்தது. டீடாக்ஸோடு சேர்த்ததை ஆராய்ந்த 2011 தொகுப்பில் 11 ஆய்வுகள், 1,592 பேர். இங்கே பலன் தெரிந்தது: டீடாக்ஸை முழுதாக முடித்தவர்கள் அதிகம், இடையில் போதைப்பொருள் எடுத்தவர்கள் குறைவு. பராமரிப்போடு சேர்த்ததை ஆராய்ந்த இன்னொரு 2011 தொகுப்புதான் இவற்றில் பெரியது: 35 ஆய்வுகள், 4,319 பேர். வழக்கமான பராமரிப்பின் மேல் பேச்சு சிகிச்சையைக் கூட்டியதால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது அது.

டீடாக்ஸ் தொகுப்பை மேற்கோள் காட்டி "மெத்தடோன் எடுப்பவருக்கும் பலன்" என்று எழுதுவதும், பராமரிப்புத் தொகுப்பைக் காட்டி "கவுன்சிலிங் வீண்" என்று எழுதுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். தாளில் மூன்று கட்டம் வரைந்துகொண்டு, கையில் எடுக்கும் ஒவ்வொரு ஆய்வும் எந்தக் கட்டத்துக்குரியது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தலைப்பைப் பார்த்தால் தெரியாது, முறைப் பகுதியைத் திறக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைத்தது என்று பாராமல் விடுவது

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அந்தப் பெரிய பராமரிப்புத் தொகுப்பில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் வெறும் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் இல்லை. வழக்கமான மெத்தடோன் மையங்களில் கவுன்சிலிங் ஏற்கெனவே உண்டு. ஆகவே சோதிக்கப்பட்டது 'பேச்சு எதிராகப் பேச்சின்மை' என்பதைவிட, 'அதிகப் பேச்சு எதிராகக் கொஞ்சம் பேச்சு' என்பதுதான். அந்தத் தொகுப்பின் ஆசிரியர்களே இதை எழுதியிருக்கிறார்கள், சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படிப்பவர் கண்ணில் அது படுவதில்லை.

2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு நல்ல உதாரணம். ப்யூப்ரனார்ஃபின் எடுத்த 166 பேர், 24 வாரம். ஒரு பகுதியினருக்கு நர்ஸ் வாரம் சுமார் 20 நிமிடம் பேசினார், இன்னொரு பகுதியினருக்கு 45 நிமிடம். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதிலிருந்து சொல்லக்கூடியது இருபது நிமிடத்துக்கு மேல் நீட்டியதால் பயன் கூடவில்லை என்பது மட்டும். இருபது நிமிடமே தேவையில்லை என்பதை இந்த ஆய்வு சோதிக்கவே இல்லை.

பேச்சையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1993இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த மெக்லெல்லன் குழுவின் ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். முன்னாள் படைவீரர்கள் 92 பேர், 24 வாரம், மூன்று குழு: குறைந்தது 60 மில்லிகிராம் மெத்தடோன் மட்டும், மெத்தடோனோடு கவுன்சிலிங், அதற்கும் மேல் மனநல மருத்துவம், வேலைவாய்ப்பு உதவி, குடும்ப ஆலோசனை. முதல் குழுவில் 69 சதவீதம் பேர் போதைப்பொருளை விடாமல் எடுத்ததாலோ மருத்துவ, மனநல அவசரநிலையாலோ பாதுகாப்புக் கருதி வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பேச்சு அவசியம் என்பவர்களுக்கு இதுதான் ஆணிவேர்.

பால்டிமோரில் ஷ்வார்ட்ஸ் குழு 2006இல் வெளியிட்டது வேறு படம். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்குக் கவுன்சிலிங் இல்லாமல் மெத்தடோனை மட்டும் தொடங்கினார்கள். நான்கு மாதத்தில் அவர்களில் 75.9 சதவீதம் பேர் முழுச் சிகிச்சைக்குள் வந்தார்கள், வெறுமனே காத்திருந்தவர்களில் 20.8 சதவீதம் பேர்தான். இரண்டு ஆய்வும் முரண்படுவதுபோல் தோன்றுகிறதா? முதலாவது கவுன்சிலிங் உள்ள மெத்தடோனோடு ஒப்பிட்டது, இரண்டாவது மெத்தடோனே இல்லாமையோடு ஒப்பிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். அதே ஷ்வார்ட்ஸ் குழு பின்னர் நேருக்கு நேர் சோதித்தது: முதல் சில மாதம் கவுன்சிலிங் இல்லாமல் தொடங்கிய மெத்தடோனையும் வழக்கமான மெத்தடோனையும் 230 பேரில் ஒப்பிட்ட அந்த ஆய்வின் 12 மாத முடிவு 2012இல் வந்தது. சிகிச்சையில் நீடித்ததிலோ ஹெராயின் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1993 ஆய்வை மட்டும் காட்டி நிறுத்துவது பழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு ஆய்விலும் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றி இவற்றைக் குறித்துவையுங்கள்: மருந்தின் பெயர், சராசரி அளவு, மருந்தை நேரில் விழுங்க வைத்தார்களா வீட்டுக்குக் கொடுத்தார்களா, யார் பேசினார், வாரம் எத்தனை நிமிடம், சிறுநீர்ப் பரிசோதனை எத்தனை முறை. மருந்தின் அளவை விட்டுவிடாதீர்கள். மெத்தடோன் 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பலருக்கு மருந்தே போதாமல் இருக்கும், அந்த நிலையில் கூடுதல் பேச்சின் பலனையோ பலனின்மையையோ எடைபோடுவது கடினம்.

'வேறுபாடு தெரியவில்லை' என்பதை 'வேறுபாடு இல்லை' என்று வாசிப்பது

2011 பராமரிப்புத் தொகுப்பில், சிகிச்சையின்போது ஓபியேட் (ஹெராயின் போன்றவை) எடுக்காமல் இருந்ததற்கான ஒப்பீட்டு விகிதம் 1.12 (1 என்றால் இரண்டு குழுவும் சமம்). அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை, 0.92 முதல் 1.37 வரை. எட்டு சதவீதம் கெடுதல் என்பதிலிருந்து முப்பத்தேழு சதவீதம் நன்மை என்பது வரை எல்லாமே இந்த எண்களுக்குள் அடங்கும். சிகிச்சையில் நீடித்ததற்கான எண்ணோ 1.03, இடைவெளி 0.98 முதல் 1.07 வரை. இது குறுகலானது, பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை என்று இங்கே துணிந்து சொல்லலாம். ஒரே தொகுப்பின் இரண்டு எண்களுக்கு இரண்டு விதமான வாக்கியம் தேவைப்படுகிறது.

எல்லாவற்றையும் 'பேச்சு சிகிச்சை' என்ற ஒரே மூட்டையில் கட்டுவது

ஆய்வுலகில் 'உளசமூகச் சிகிச்சை' என்ற பெயருக்குள் சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் சிகிச்சை), ஊக்க நேர்காணல், குடும்ப சிகிச்சை, பன்னிரண்டு படி முறை எல்லாம் உண்டு. கூடவே பரிசு ஊக்கமுறையும் உண்டு: சிறுநீர் சுத்தமாக இருந்தால் கூப்பனோ பரிசோ தருவது. இதில் பேச்சு பெயரளவுக்குத்தான். மருந்து எடுப்பவர்களிடம் வலுவான சான்று சேர்ந்திருப்பதும் இதற்குத்தான். 2021இல் ஜாமா சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பு இதைப் பற்றிய 74 ஆய்வறிக்கைகளைத் திரட்டி, போதையிலிருந்து விலகியிருப்பதில் நடுத்தர அளவு பலன் இருப்பதாகக் காட்டியது. ஆனால் 2013இல் வந்த லிங் குழுவின் ஆய்வில், ப்யூப்ரனார்ஃபின் எடுத்த 202 பேரிடம் சி.பி.டி., பரிசு முறை, இரண்டும் சேர்ந்தது, எதுவும் கூட்டாதது என்ற நான்கு குழுவிலும் ஓபியாய்ட் பயன்பாட்டில் வேறுபாடு தெரியவில்லை.

எனவே 'உளசமூகச் சிகிச்சை பலன் தருகிறது' என்ற கூட்டுத்தொகையைக் கண்டால், பரிசு முறை ஆய்வுகளை நீக்கிவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். பல நேரம் சி.பி.டி.யின் பெயரில் பரிசு முறையின் பலன் கணக்கில் ஏறியிருக்கும்.

சதவீதத்தின் அடியில் இருக்கும் எண்ணைப் பாராதது

வாரம் மூன்று முறை வீதம் 12 வாரத்துக்கு 36 சிறுநீர் மாதிரி எதிர்பார்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்காம் வாரம் வரை வந்து 12 மாதிரி தருகிறார், அதில் 11 சுத்தம். பிறகு வரவே இல்லை. கொடுத்த மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டால் 92 சதவீதம் சுத்தம். வராத மாதிரிகளைப் போதை உள்ளவை என்று கொண்டால் 31 சதவீதம். ஒரே ஆள், இரண்டு கதை. ஆய்வாளர்கள் எந்த முறையைக் கையாண்டார்கள், இரண்டு குழுவிலும் விடுபட்ட மாதிரிகள் சம அளவா என்று பார்க்காமல் சதவீதத்தை நகலெடுக்காதீர்கள்.

எதைப் பரிசோதித்தார்கள் என்பதும் முக்கியம். மார்ஃபினை அடிப்படையாகக் கொண்ட சாதாரண ஓபியேட் சிறுநீர்ச் சோதனைப் பட்டை ஹெராயினைக் காட்டும். ஃபென்டனில், ட்ரமடால், டாபென்டடால் போன்றவற்றைக் காட்டாது, அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். தமிழ்நாட்டில் டாபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் செய்திகளில் அடிக்கடி வருகிறது. அப்படிப்பட்டவர்களைச் சாதாரணப் பட்டையில் மட்டும் சோதித்து 'சுத்தம்' என்று எழுதினால் அதை நம்ப முடியாது.

மருந்தை நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்று கேட்காமல் விடுவது

வலி மாத்திரைகளுக்கு அடிமையான 653 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. இரண்டு வாரம் ப்யூப்ரனார்ஃபின், இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தல் என்ற முதல் கட்டத்தில் வெற்றி 6.6 சதவீதம். அதில் தேறாத 360 பேருக்கு 12 வாரம் மருந்து கொடுத்தபோது 49.2 சதவீதம். மருந்தை நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 8.6 சதவீதம். தனியாகக் கவுன்சிலிங் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எந்தக் கட்டத்திலும் வேறுபாடு இல்லை. நடுவிலுள்ள 49.2ஐ மட்டும் எடுத்து 'பாதிப் பேர் குணமடைந்தார்கள்' என்று எழுதியவர்கள் உண்டு.

அதே ஆய்வின் தரவைப் பின்னர் குடைந்தபோது, முன்பு ஹெராயின் எடுத்தவர்களில் கவுன்சிலிங்குக்கு ஒழுங்காக வந்தவர்கள் மேலாக இருந்தது தெரிந்தது. சுவாரசியமான குறிப்பு, ஆனால் ஒழுங்காக வருபவர்கள் எந்தச் சிகிச்சையிலும் மேலாகத்தான் இருப்பார்கள். பின்னால் தேடிக் கண்ட இத்தகைய துணைக்குழு முடிவுகளை அடுத்த ஆய்வுக்கான ஊகமாக மட்டும் வையுங்கள்.

மரணத்தைக் கணக்கில் சேர்க்காதது

பேச்சு சிகிச்சையின் சமவாய்ப்பு ஆய்வுகள் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிப்பவை) பெரும்பாலும் சில நூறு பேரோடு சில மாதம் நடப்பவை. மரணத்தில் வேறுபாடு இருந்தாலும் அதில் தெரியாது. அதற்குப் பெரிய பதிவேட்டு ஆய்வுகளுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் 1,51,983 பேரைத் தொடர்ந்த 2016 ஆய்வில், மெத்தடோன் அல்லது ப்யூப்ரனார்ஃபின் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் உளவியல் ஆதரவு மட்டும் பெற்றவர்கள் போதைப்பொருள் நச்சால் இறக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு. இது சமவாய்ப்பில் பிரித்த ஆய்வு இல்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயின் தன்மையும் மையத்தின் வழக்கமும் தீர்மானித்திருக்கும் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

லண்டனில் உள்நோயாளியாக டீடாக்ஸ் பெற்ற 137 பேரைத் தொடர்ந்து 2003இல் வந்த ஆய்வு இன்னும் துல்லியமாகக் காரணத்தைத் தொடுகிறது. நான்கு மாதத்துக்குள் போதைப்பொருளை அளவு மீறி எடுத்து இறந்த மூவருமே சிகிச்சையை முழுதாக முடித்து, உடலின் தாங்குதிறன் போன 37 பேரில் இருந்தவர்கள். 'டீடாக்ஸை முடித்தார்' என்பதை வெற்றியாக எண்ணும் அட்டவணை இவர்களையும் வெற்றிப் பட்டியலில் சேர்க்கும். பழைய அளவை உடல் தாங்காது என்பதால் திரும்ப எடுக்கும் முதல் ஊசியே ஆபத்து.

"முதலில் கவுன்சிலிங்குக்கு வரட்டும், பிறகு மருந்து" என்று நிபந்தனை வைப்பதற்கு இந்தச் சான்றில் இடமில்லை. பேச்சு உதவியை எல்லோருக்கும் முன்வைக்க வேண்டும், அதை மறுத்தார் என்பதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியின் நிலை.

தேடலிலேயே பாதியைத் தொலைப்பது

'ஓபியாய்ட் யூஸ் டிஸார்டர்' என்பது 2013இல் வந்த டி.எஸ்.எம். என்ற மனநோய்க் கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின் சொல். அதை மட்டும் தட்டினால் மேலே சொன்ன 1993, 2003, 2006 ஆய்வுகள் நழுவிவிடலாம். ஓபியேட், ஹெராயின், நார்காட்டிக் என்ற சொற்களை டிபென்டன்ஸ், அடிக்ஷன், அப்யூஸ் என்பவற்றோடு மாற்றி மாற்றித் தேட வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் 'ஓபியாய்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ்', 'ஓபியேட் சப்ஸ்டிட்யூஷன் ட்ரீட்மென்ட்' என்ற மெஷ் தலைப்புகளையும் (கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் குறிக்கும் சொற்கள்) சேருங்கள். புதிய கட்டுரைகளுக்கு மெஷ் குறியீடு ஏறத் தாமதமாகலாம் என்பதால் தலைப்பு, சுருக்கத் தேடலும் கூடவே வேண்டும்.

ஒரே ஆய்விலிருந்து நான்கைந்து கட்டுரை வருவது சகஜம். ஆசிரியர் பெயர், ஊர், ஆட்சேர்ப்பு ஆண்டு, ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரே மக்களை இரண்டு முறை எண்ணாமல் பாருங்கள். பதிவு எண்ணை வைத்து கிளினிக்கல் டிரயல்ஸ் டாட் கவ் தளத்தில் முதலில் அறிவித்த முதன்மை அளவீடு எது, கட்டுரையில் வந்தது எது என்றும் சரிபார்க்கலாம். இந்திய ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2007 முதல் இருக்கிறது.

இந்தியச் சூழலுக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஹெராயின் எடுப்போர் 1.14 சதவீதம், மருந்துக்கடை ஓபியாய்டுகள் 0.96 சதவீதம், அபின் 0.52 சதவீதம். பால்டிமோர் ஹெராயின் பயனாளிகளிடம் கிடைத்த எண்ணை ராஜஸ்தானில் அபின் உண்ணும் விவசாயிக்கு அப்படியே பொருத்த முடியாது. நேக்கோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்து மையங்களில் தினமும் வந்து பணியாளர் முன்னிலையில் ப்யூப்ரனார்ஃபினை நாக்குக்கு அடியில் கரைப்பதே அடிப்படை ஏற்பாடு. தினமும் ஒரு நர்ஸைப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தையும் ஆய்வின் முறைப் பகுதியில் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அங்கே 'கவுன்சிலிங் இல்லாத குழு'வுக்கும் அது கிடைக்கிறது.