அரிய விஸ்கி பாட்டில் சேர்க்க ஆசையா? இங்கே தொடங்குங்கள்

விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாயில் இருக்கும் வரைதான். 12 வருட விஸ்கியை 20 வருடம் பீரோவில் பூட்டி வைத்தாலும் அது 12 வருட விஸ்கிதான். அப்புறம் பழைய பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு விலை? குடிக்கக் குடிக்கக் குறைகிறது, திரும்ப வராது. அவ்வளவுதான்.

படி 1: எதைச் சேர்ப்பது?

எல்லோரும் ஆசைப்படுவது மூடிய டிஸ்டிலரிகளின் (விஸ்கி வடிக்கும் ஆலைகளின்) சரக்கு. ஸ்காட்லாந்தில் போர்ட் எலன், புரோரா இரண்டும் 1983-ல் மூடப்பட்டன. ரோஸ்பேங்க் 1993-ல். மூன்றும் சமீபத்தில் மறுபடி திறந்துவிட்டாலும் பழைய சரக்கின் மவுசு தனி. முதல் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம், கை சுடும். லேபிளிலேயே தொகுதி எண் (எத்தனையாவது பேட்ச் என்று) போட்டு வரும் அபர்லோர் அபூனா என்ற ஸ்காட்ச் விஸ்கி மாதிரி ஒரு வரிசையைப் பிடித்து, எண் எண்ணாகச் சேருங்கள்.

படி 2: பாட்டிலைப் பாருங்கள்

முதலில் திரவ மட்டம். கழுத்துவரை இருந்தால் நல்லது. தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை கசிகிறது என்று அர்த்தம். பெயரைப் பார்த்து மயங்கி, மட்டத்தைப் பார்க்காமல் நானே ஒன்று வாங்கியிருக்கிறேன். அது இன்றும் அலமாரியின் பின்வரிசையில் நிற்கிறது.

அடுத்தது போலி. 2018-ல் ஸ்காட்லாந்தில் 55 அரிய பாட்டில்களை ஆய்வகத்தில் சோதித்தார்கள். 21 பாட்டில்கள் முழுப் போலி, அல்லது லேபிளில் சொன்ன வருடத்தில் வடித்தவை அல்ல. கண்டுபிடித்த விதம்தான் சுவாரஸ்யம்: 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பார்லிக்குள்ளும் போனது. 19-ஆம் நூற்றாண்டு விஸ்கி என்று விற்றதில் அந்தக் கார்பன் இருந்தால் கதை முடிந்தது! நம்மால் ஆய்வகத்துக்குப் போக முடியாது. அதனால் லேபிள் அச்சு, மூடி உறை, கண்ணாடியில் உள்ள எண் எல்லாவற்றையும் நல்ல படங்களோடு ஒப்பிடுங்கள். சந்தேகமா, விட்டுவிடுங்கள்.

படி 3: ஏலம்

கேட்ட விலையோடு முடியாது. ஏலக் கமிஷன், அனுப்பும் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே கை தூக்குங்கள்.

படி 4: வைப்பது

வைன் போலப் படுக்க வைக்காதீர்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள். அவ்வப்போது பாட்டிலைச் சில நொடி சாய்த்து, தக்கை நனைந்ததும் பழையபடி நிமிர்த்திவிடுங்கள்.