203 அல்ல, 23: குச்சிக்கட்டு வைத்து இடமதிப்பு சொல்லித்தருவது எப்படி?

"இருபத்து மூன்று எழுது" என்றதும் முதல் வகுப்புப் பிள்ளைகள் பலர் 203 என்று எழுதுவார்கள். உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்: இருபதுக்கு 20, மூன்றுக்கு 3. பத்து என்பது ஒரு கட்டு என்று கை உணரும்வரை இந்தத் தவறு போகாது.

இரண்டு பிள்ளைகளுக்கு 50 குச்சிகள், 5 ரப்பர் பேண்டுகள், நடுவே கோடு போட்ட ஒரு தாள் வேண்டும். தாளின் இடப்பக்கம் "பத்து", வலப்பக்கம் "ஒன்று" என்று எழுதுங்கள்.

படி 1: 23 குச்சிகளைக் குவியலாகக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பாதியில் எண்ணிக்கை தவறும், தவறட்டும். கட்டு எதற்கு என்பது அப்போதுதான் புரியும்.

படி 2: பத்துப் பத்தாக எண்ணி, பிள்ளைகளே ரப்பர் பேண்ட் போட வேண்டும். நேரம் மிச்சம் என்று நீங்கள் முன்கூட்டியே கட்டி வைத்துக் கொடுத்தால், கட்டும் அவர்களுக்கு ஒரு பொருள்தான். உள்ளே பத்து இருப்பது மனதில் நிற்காது. ஒன்பதோ பதினொன்றோ வைத்துக் கட்டுவதும் நடக்கும். பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து அவிழ்த்து எண்ணச் சொன்னால் தானே சரியாகிவிடும். இந்தப் படிக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

படி 3: கட்டுகள் இடப்பக்கம், உதிரிகள் வலப்பக்கம். எதிரே நின்று காட்டினால் உங்கள் இடப்பக்கம் பிள்ளைக்கு வலப்பக்கமாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். "இரண்டு பத்து, மூன்று ஒன்று, இருபத்து மூன்று" என்று தொட்டுத் தொட்டுச் சொல்ல வையுங்கள்.

படி 4: இப்போதுதான் எழுத்து. 10 செ.மீ. அகல அட்டையில் 20 என்று எழுதுங்கள். 0 சரியாக வலது பாதியில் வர வேண்டும். 5 செ.மீ. அட்டையில் 3. இரண்டுக்கும் ஒரே உயரம். 3-ஐ அந்த 0-இன் மேல் வைத்தால் 23 தெரியும். தூக்கினால் 20 எட்டிப் பார்க்கும். 203 எழுதிய பிள்ளையிடம் இந்த அட்டைகளைக் கொடுத்து வைத்து வைத்துத் தூக்க விடுங்கள்; எவ்வளவு விளக்கினாலும் அதற்கு ஈடாகாது.

படி 5: 29 வைத்து இன்னொரு குச்சி கொடுங்கள். உதிரி பத்தாகிவிடும், கட்ட வேண்டும், கட்டு இடம் மாற வேண்டும். வலப்பக்கம் காலி. சிலர் வெறும் 3 என்று எழுதுவார்கள். காலி இடத்தைக் காட்டி, "இங்கே ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். பின்னால் வரும் கூட்டலுக்கு அடித்தளம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

தமிழில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இருபது, முப்பது, எண்பது என்று போய், 90 மட்டும் தொண்ணூறு. "நூறு" காதில் விழுவதால் சிலர் நூறு என்றே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு ஜோடிகளின் குச்சிகளைச் சேர்த்து, ஒன்பது கட்டுகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லி, பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

புரிந்ததா என்று பார்க்க, 23 என்று எழுதி அதிலுள்ள 2-ஐ வட்டமிட்டு, "இதற்கு எத்தனை குச்சி?" என்று கேளுங்கள். இரண்டு குச்சியை எடுத்து நீட்டினால், எழுத்தை நிறுத்திவிட்டு மறுபடி படி 2.