ராமநாதபுரம் கடற்கரைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காலையில் ராமேஸ்வரம் கோயில், மதியம் சாப்பாடு, அப்புறம் இரண்டு மணி வெயிலில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. அங்கிருக்கும் அசோகத் தூண் பக்கத்தில் நின்று நாலு படம், பத்தே நிமிடத்தில் மறுபடி வண்டிக்குள். வெளியூர்க்காரர்கள் மட்டுமில்லை, மாவட்டத்துக்குள் இருக்கிற நாமும் இப்படித்தான் போய் வருகிறோம். அந்த நேரத்தில் மணல் கொதிக்கும், நண்டுகள் வளைக்குள் போயிருக்கும், கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்க்கக்கூட முடியாது. விடிந்ததும் போய்விடுங்கள். முடியாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

எந்தக் கடலுக்குப் போகிறோம் என்று கேட்காமல் கிளம்புவது அடுத்த தவறு. இங்கே கடல் இரண்டு. தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் ஜலசந்திப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தெற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது அரியமான் போன்ற வடகரையில் குளம் மாதிரி தண்ணீர் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் கதை மாறும், பெண் கடலும் சீறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அந்தப் பருவத்தில் வந்ததுதான். கிளம்பும் முன் ஒரு மீனவரிடம் "இன்னைக்குக் காத்து எப்படிண்ணே?" என்று கேளுங்கள். இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனையில் மட்டும் எந்தப் பருவத்திலும் இறங்கிக் குளிக்க வேண்டாம். நீரோட்டம் பலமான இடம் அது.

நான் அதிகம் வருத்தப்படுவது கிளிஞ்சல் பொறுக்கும் பழக்கத்துக்காக. சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையச் சங்கும் சிப்பியுமாகப் பொறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். பாம்பன் தாண்டவில்லை, கவருக்குள் சுரண்டுகிற சத்தம். திறந்து பார்த்தால் விரல் நுனி அளவுச் சங்கிலிருந்து சிவந்த கால்கள் நீண்டிருந்தன. துறவி நண்டு. அதற்கு வயிற்றுப் பக்கம் ஓடு கிடையாது, மெத்தென்று இருக்கும். செத்த நத்தையின் கூட்டுக்குள் உடம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. உடம்பு வளர வளர இன்னும் பெரிய கூடு தேடும். கரையில் கிடக்கும் காலிச் சங்கை நாம் அள்ளிப் போவது, அது குடிபோக வைத்திருக்கும் வீட்டை எடுத்துப்போவதுதான். வண்டியைத் திருப்பினோம். ஈர மணலில் விட்டதும் வெகுநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு கண்கள் இரண்டும் காம்பு மாதிரி வெளியே வந்தன, ஒரு கால், இன்னொரு கால், மெல்ல நகர்ந்து போனது. பையன் அது கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

பவளத் துண்டை எடுப்பது இதைவிடப் பெரிய தவறு. "செத்துக் கரை ஒதுங்கியதுதானே" என்பார்கள். பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செத்த பவளத்தைக் கையில் வைத்திருந்தாலும் குற்றம்தான். இங்கிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே படகு விடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

சரி, எடுக்கக் கூடாது என்றால் என்னதான் செய்வது? குனிந்து பாருங்கள். வெள்ளையாக, லேசாக, ஓடம் போன்ற ஒன்று கரையில் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் அதைக் கடல் நுரை என்று விற்பார்கள். பெயரைக் கேட்டு நுரை இறுகி உண்டானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. மணல்மேட்டில் ஊதா நிறத்தில் பூத்துப் படர்ந்திருப்பது அடம்பு. முள் பந்து மாதிரி காற்றில் உருண்டு ஓடுவது இராவணன் மீசை என்கிற புல்லின் கதிர். மணல் பறந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டும்தான். அதன் மேல் ஜீப்பை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தை, மாசியில் அதே மணலில் பங்குனி ஆமை முட்டையிட வரும்.

பூநாரைகளைப் படம் எடுக்க ஓடுவதையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் தனுஷ்கோடி உப்பங்கழியில் கூட்டமாக நிற்கும். 2025இல் அந்த இடத்தைச் சரணாலயமாகவே அறிவித்தார்கள். தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் அலசி இரை எடுக்கும் பறவை அது. நாம் நெருங்கினால் தலை தூக்கும். தலை தூக்கிவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் பத்தடி வைத்தால் கூட்டமே பறந்துவிடும், இரையும் போச்சு, தெம்பும் போச்சு.

ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போகும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்க வேண்டாம். கடல் நீரில் அலசிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, அரிச்சல்முனையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ராமநாதபுரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டை கண்மாய் இருக்கிறது, பறவைகள் சரணாலயம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறது. அங்கே போனால் படகை ஓரமாக நிறுத்தச் சொல்லி, சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைப் பாருங்கள். கைக்கு எட்டும் ஓர் இலையைப் பறிக்காமல் விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வையுங்கள். மரம் வெளியே தள்ளிய உப்பு, நன்றாகவே கரிக்கும்.