ஷேவிங் எரிச்சலா? பிளேடை மாற்றும் முன் கையைப் பாருங்கள்

கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக எழும்பி, சட்டைக் காலர் உரசும்போதெல்லாம் எரிகிறதா? பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். ஒற்றை பிளேடு போடுகிற உலோக ரேசரில், தலைப்பகுதியின் கனமே முடியை வெட்டப் போதும். ஆனால் பிளாஸ்டிக் ரேசரில் அழுத்திப் பழகிய கை இதிலும் அழுத்தும், முடியோடு சேர்த்துத் தோலையும் சீவிவிடும். கைப்பிடியின் நுனியைப் பிடித்துப் பாருங்கள், அழுத்த நினைத்தாலும் வராது. பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். இதை அளக்கத் தேவையில்லை. ரேசரின் தலையைக் கன்னத்தில் பதித்து, கைப்பிடியை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முடி அறுபடும் சத்தம் கேட்கும், அதுதான் சரியான சாய்வு.

காய்ந்த முகத்தில் நுரையைத் தடவி உடனே இழுக்கவே கூடாது. தண்ணீரில் ஊறாத தாடி முடி விறைப்பாக இருக்கும், பிளேடு அதை வெட்டாமல் பிடித்து இழுக்கும். ஷேவ் செய்துவிட்டுத்தான் குளிப்பது என்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படியானால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷேவிங் சோப்பாக இருந்தாலும் நுரை நிற்காது. குடிக்கிற தண்ணீரில் அரை டம்ளர் சூடாக்கி அதில் பிரஷை நனைத்துக் குழையுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளர்கிறது என்பதற்காகக் கழுத்திலும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பலருக்கு அங்கே பக்கவாட்டில், சிலருக்கு மேல்நோக்கி வளரும். இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பார்த்தால் பிடிபடும். முதலில் முடி வளரும் பக்கமாகவே இழுங்கள், போதவில்லை என்றால் மறுபடி நுரை போட்டு அதற்குக் குறுக்காக. சுருட்டை முடிக்காரர்கள் எதிர்த்து இழுப்பதை விட்டுவிடுவது நல்லது, வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகும்.

பிளேடு இழுபட ஆரம்பித்தால் அன்றே மாற்றுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கடைசியாகப் பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரமான படிகாரக் கட்டியைத் தேயுங்கள். எந்த இடத்தில் சுரீரென்று எரிகிறதோ, அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை அந்த இடத்தில் கையை இன்னும் லேசாக விடுங்கள்.