இதய செல்களின் மின்கோட்டை வரைவது எப்படி

நர்சிங் மாணவிகளுக்கு இதயப் பாடம் எடுக்கும் நாளில் கிராஃப் ஷீட்டும் பென்சிலும் கொண்டுவரச் சொல்வேன். மின்கோடு என்றால், ஒரு செல்லின் மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் கோடு. அதை வரையச் சொன்னால் பலரும் எடுத்த எடுப்பிலேயே மலை மாதிரி ஒன்றை வரைந்துவிடுவார்கள். அப்படி வேண்டாம். மலைக்கு முன்னால் கோடு எப்படிக் கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இடது ஓரத்தில் மேலே +30, கீழே -90 மில்லிவோல்ட், இடையில் 0 என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) தசை செல். -90-இல் ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுங்கள். பக்கத்து செல் தூண்டும்வரை இது சும்மாதான் இருக்கும். தூண்டியதும் சோடியம் உள்ளே பாயும், கோட்டைச் செங்குத்தாக 0-க்கு மேலே ஏற்றுங்கள். உச்சியில் ஒரு சின்ன இறக்கம். அதற்கப்புறம் பென்சிலை நிதானமாக நகர்த்துங்கள். கால்சியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் கோடு சட்டென்று விழாமல் மேடாக நீள்கிறது. ஏறி இறங்க மொத்தம் 200 முதல் 300 மில்லிசெகண்ட். இந்தக் கால்சியம்தான் செல்லுக்குள் சேமிப்பில் இருக்கும் கால்சியத்தையும் திறந்துவிட்டு, தசையைச் சுருங்க வைக்கிறது. மேடு முடியும்வரை அடுத்த தூண்டலை செல் ஏற்காது. கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்துக்கொள்வது போல இதயம் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். கடைசியில் பொட்டாசியம் மட்டும் வெளியேற, கோடு -90-க்கு இறங்கும்.

அடுத்தது எஸ்.ஏ. நோடு, இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல் கூட்டம். இதற்கும் ஒரு மாணவி ஸ்கேல் வைத்துப் படுக்கைக் கோடு போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "மேடம், அப்போ இதை யார் தூண்டுவாங்க?" என்றாள். அன்றைய பாடமே அந்தக் கேள்விதான். யாரும் தூண்டுவதில்லை. எனவே ஸ்கேலை எடுத்து வைத்துவிட்டு, -60-இலிருந்து மெல்ல ஏறும் சரிவை வரையுங்கள். கோடு அடிமட்டத்துக்கு வந்ததுமே செல்லின் சவ்வில் உள்ள சில வாசல்கள் திறந்து சோடியம் கசியத் தொடங்கும். மற்ற வாசல்களுக்கு நேர்மாறாக, செல் எதிர்மின்பக்கம் போகும்போது திறப்பதால் இதற்கு 'ஃபன்னி கரண்ட்' என்றே பெயர். -40 வாக்கில் கால்சியம் வாசல்கள் திறக்கும். ஏற்றம் இங்கே சாய்வாகத்தான் இருக்கும், மேடு கிடையாது. பொட்டாசியம் வெளியேறிக் கோடு இறங்கியதும் மறுபடி அதே சரிவு. அட்ரினலின் வந்தால் சரிவைச் செங்குத்தாக்குங்கள், நாடி வேகமாகும். ஐவாபிரடின் மாத்திரை ஃபன்னி கரண்டைத் தடுக்கும், சரிவு படுத்துவிடும், நாடி குறையும்.

மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டலைக் கடத்தும் ஏ.வி. நோடுக்கும் இதே வடிவம்தான், சரிவு மட்டும் இன்னும் மெதுவானது. தூண்டலை வென்ட்ரிக்கிள் முழுக்கப் பரப்பும் பர்கின்ஜி இழைக்கு வென்ட்ரிக்கிள் படத்தையே வரைந்து, படுக்கைக் கோட்டை லேசாகச் சாய்த்தால் போதும்.

சரி, வரைந்தது சரியா என்று பார்க்க வேண்டுமா? வென்ட்ரிக்கிள் படத்துக்கு நேர்மேலே ஓர் இ.சி.ஜி.யை வரையுங்கள். செங்குத்து ஏற்றத்துக்கு மேலே க்யூ.ஆர்.எஸ்., மேட்டுக்கு மேலே எஸ்.டி. பகுதி, கடைசி இறக்கத்துக்கு மேலே டி அலை வந்து உட்கார வேண்டும்.