நாற்பத்து மூன்று வயதில் மலைச் சைக்கிள்: இறக்கத்தில் விழாமல் இறங்குவது எப்படி?

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தும் 43 வயது வரை நான் சைக்கிளில் மலை இறங்கியதில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் என்பது பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போகும் பொருள். சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் முகம் சுளித்த பிறகு, போன தை மாதம் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இதுவரை பதினோரு முறை விழுந்திருக்கிறேன். அதில் ஒன்பது இறக்கத்தில்.

ஆகவே ஏற்றத்துக்குச் சிறு குறிப்பு மட்டும்: ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அதற்கு வெட்கப்பட வேண்டாம்.

1. வண்டி

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். இது போதும். பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டி பார்க்கத்தான் அழகு. தூக்கினால் கனம், மிதித்தால் பலத்தையெல்லாம் ஸ்பிரிங் தின்றுவிடும். ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாமல் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

2. காற்று

டயரைக் கல் மாதிரி இறுக்கி வைத்திருந்தேன். சரளையில் வண்டி பந்தாகத் துள்ளியது. என் 70 கிலோ எடைக்கு இப்போது 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைக்கிறேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் நீங்களே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அளவு காட்டும் பம்ப் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதெல்லாம் ஏமாற்று.

3. நிற்கும் விதம்

இறக்கத்துக்கு முன் சீட்டைத் தாழ்த்துங்கள். பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்று கீழே தொங்கினால் கல்லில் இடிக்கும். எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, இடுப்பு சற்றுப் பின்னால். பாரம் பாதத்தில் இருக்க வேண்டும், உள்ளங்கையில் அல்ல.

4. பிரேக்கும் கண்ணும்

என்னைப் பல முறை தள்ளிய இடம் இதுதான். முதலில் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று தரையில் நின்று அழுத்திப் பாருங்கள். என் வண்டியில் வலது கை முன் சக்கரம். பயத்தில் வலது கை தானாக இறுகும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் தலைகுப்புறத்தான். அதற்காக முன் பிரேக்கைத் தொடாமலும் இருக்க முடியாது, வண்டியை உண்மையில் நிறுத்துவது அதுதான். இரண்டையும் ஒரு விரல் அல்லது இரண்டு விரலால் மெதுவாக அழுத்தி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகு நனைந்து கிடக்கும் இடத்தில் இன்னும் முன்னதாகவே.

இதெல்லாம் மனப்பாடமான பிறகும் ஒரே வளைவில் மூன்று முறை விழுந்தேன். ஓரத்தில் புதிதாகக் கவாத்து செய்த தேயிலைச் செடி. வெட்டிய குச்சிகள் ஈட்டி போல நிற்கும். மூன்று முறையும் அதே செடி. முழங்கை முழுக்கக் கோடுகள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி, செடியையே பார்த்துக்கொண்டு வந்தால் செடியில்தானே விழுவீர்கள்?" என்றார். நான்காவது முறை வளைவு முடியும் இடத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தபடி இறங்கினேன். வண்டி அங்கே போய்ச் சேர்ந்தது.

மகனின் மதிப்பெண் பட்டியலையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கில் வாங்கிய 41ஐத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. மூன்று மாதம் அதையே பேசினேன். அடுத்த தேர்வில் 38 வாங்கினான். இப்போது அவன் வரையும் படங்களைப் பற்றியும் கேட்கிறேன்.

5. எங்கே ஓட்டுவது

தோட்டப் பாதைகள் தனியார் நிலம். அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுக்கவில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம், குறுக்குவழி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது.

பின்சேர்க்கை: நீண்ட இறக்கத்தில் பிரேக் கருகிய வாடை வருவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், நடுவில் நின்று ஆற விடுங்கள், உடனே விரலால் தொடாதீர்கள். நான் தொட்டேன்.

இன்னொருவர் காட்டெருமையைப் பற்றிக் கேட்டிருந்தார். தொலைவிலேயே நின்றுவிடுங்கள், மணி அடிக்க வேண்டாம், பக்கவாட்டில் நுழையவும் வேண்டாம். போன வாரம் ஒன்று பாதையின் நடுவில் நின்று என்னையே பார்த்தது. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதியது, அது காதைக்கூட அசைக்கவில்லை. வண்டியைத் திருப்பி, ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு தார்ச்சாலை வழியாக வீடு வந்தேன்.